மழைக்குச் செத்துப்போகிற மடிக்கணினி

செத்துப்போன மடிக்கணினிகளைத் திறந்து, போர்டில் எந்தத் துண்டு பழுதென்று தேடிப் பிடித்து, அந்தத் துண்டை மட்டும் மாற்றிக் கொடுப்பது என் தொழில். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை இல்லை. நகரத்துக் கடைகளில் "போர்ட் அடிச்சுப் போட்டுது, இனிப் புதுசுதான் வாங்கோணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவைதான் பெரும்பாலும் என்னிடம் வந்து சேரும். எல்லாவற்றையும் எழுப்பிவிடுவேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் எழும்பிவிடும்.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது சேலைப் பெட்டியோடு ஒரு மைக்ரோஸ்கோப்பும் கொண்டுவந்தேன். மாமி, அதாவது என் கணவரின் அம்மா, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உது என்ன பிள்ளை, ரத்தம் பாக்கிறதோ?" என்று கேட்டார். நான் விளக்கினேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் அடுத்த கிழமையே முன்னறையில் குவித்து வைத்திருந்த வெங்காயத்தையெல்லாம் பின்பக்கக் கொட்டிலுக்கு மாற்றி, சுவருக்குத் தானே வெள்ளையும் அடித்து, "இஞ்சை இருந்து செய். வெளிச்சம் நல்லாய் வரும்" என்றார். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்ற மனுசி. நான் தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளைச் சாமணத்தால் பிடித்து ஒட்டுவதை, கதவோரம் கதிரை போட்டு, பயித்தங்காய் முறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். இடையிடையே "ஆள் தப்புமோ?" என்று கேட்பார். கணினியைத்தான் கேட்கிறார்.

மடிக்கணினிகளுக்குள் என்னென்னவெல்லாம் கிடக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கருகிப்போன பல்லி, எறும்புக் குடும்பம் முட்டைகளோடு, சோற்றுப் பருக்கை, ஒருமுறை ஒரு தோட்டின் சுரை. அந்தத் தோட்டுச் சுரையைக் கணினிக்குச் சொந்தக்காரி கண்டபோது கணினி எழும்பியதைவிட அதற்குத்தான் கூடச் சந்தோசப்பட்டாள்.

இது ஒரு மாரி காலத்தில் நடந்தது. காலையில் பெய்த மழை விட்டிருந்தது. கேற்றைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். அறுபதைக் கடந்திருக்கும். ஒரு கையில் குடை, மற்றக் கையில் துவாயால் சுற்றிய ஒரு பொருள். நெற்றி நிறைய விபூதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள்தானே அந்தப் பிள்ளை?"

"ஓம் அன்ரி, போர்ட் பாக்கிறது நான்தான். இருங்கோ."

துவாயை விரித்தார். உள்ளே ஒரு மடிக்கணினி. ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை என்றும், உரும்பிராயிலிருந்து வருவதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கனடாவிலும் லண்டனிலும் நோர்வேயிலும் இருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணினி வழியாகத்தான் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறாராம்.

"போன ஞாயிறு பிள்ளையள் எல்லாம் பாத்துக்கொண்டு இருந்திட்டுதுகள். இது எழும்பேல்லை. டவுனிலை காட்டினன், போர்ட் போட்டுதாம். மகள் புதுசு அனுப்புறன் எண்டு நிக்கிறாள். எனக்கு இதுதான் பழகினது. புதுசிலை எதை எங்கை அமத்திறதெண்டு தெரியாமல் நான் நிண்டால், பிள்ளையள் எனக்குப் படிப்பிக்கவேண்டி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜரைச் செருகிப் பொத்தானை அமத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் உடனே எழும்பவில்லை. வீட்டின் உட்பக்கக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை" என்று, தேவைக்கு அதிகமாகச் சத்தம் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

யார் வந்தாலும் ஏதாவது சாட்டில் முன்னறைக்கு வந்து ஆளைப் பார்த்துவிடுகிற மாமி அன்றைக்கு வரவில்லை. குசினியில் தேங்காய் துருவும் சத்தம் அந்த அம்மா பேசத் தொடங்கியதுமே நின்றிருந்தது. நான் உள்ளே போனபோது துருவுபலகையில் அப்படியே இருந்தார். கையில் பாதித் தேங்காய்.

"வந்தது ஆரெண்டு தெரியுமோ?"

"உரும்பிராயாம் மாமி. சங்கீத ரீச்சராம்."

"அவள் என்ரை தங்கச்சி."

மாமிக்கு ஒரு தங்கை உண்டு என்பது எனக்குத் தெரியும். கண்டதில்லை. எங்கள் கலியாண ஆல்பத்தில் அவர் இல்லை. கதை இதுதான். எனக்குக் கலியாணம் நடப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. அழைப்பிதழை நேரில் வந்து தராமல் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கூடப்பிறந்த அக்காவுக்கு அழைப்பிதழை ஆள் மூலம் அனுப்புவதா என்று மாமி அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு தன் மகனின் கலியாணத்துக்கு மாமி தங்கைக்குச் சொல்லவேயில்லை. அதோடு போக்குவரத்து நின்றது.

அன்று பின்னேரம் என் கணவர் தோட்டத்திலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "உதுக்குள்ளை நீ தலையைப் போடாதை. ரெண்டு பேரும் சேந்து எங்களிலைதான் பாய்வினம்" என்றார்.

படுக்கப் போகும்போது மாமி என்னிடம் வந்தார்.

"உரும்பிராயிலை இருந்து இஞ்சை வரவழியிலை எத்தினை கடை இருக்கும் பிள்ளை?"

"கனக்க இருக்கு மாமி."

"ரெண்டு பஸ் மாறியெல்லே வரவேணும்" என்றார். பிறகு, "வடிவாச் செய்து குடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அடுத்த நாள் காலை போர்டைக் கழற்றி மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். எழும்பியது! நான் ஒன்றும் செய்யவில்லை. இரவு முழுக்க விளக்கின் கீழே கிடந்தது, அவ்வளவுதான். திரும்ப அணைத்து எழுப்பினேன். எழும்பியது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத விருந்தாளி இதுதான். முற்றாகச் செத்த போர்ட் நேர்மையானது. எங்கே செத்தது என்று தேடினால் சொல்லிவிடும். நினைத்தபோது செத்து நினைத்தபோது எழும்புவது எதையும் சொல்லாது.

பழுதைக் காணாமல் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியே கொடுத்தேன்.

"அன்ரி, இப்ப வேலை செய்யுது. ஆனா ஏன் நிண்டதெண்டு நான் இன்னும் பிடிக்கேல்லை. திரும்ப நிண்டால் உடனை கொண்டுவாங்கோ."

அவர் யாரென்று எனக்குத் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் "திரும்ப நிண்டால்" என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் கவலை எதையும் காணவில்லை.

திரும்பவும் நின்றது. அடுத்த மழையோடு வந்தார். என்னிடம் வந்து ஒரு இரவு உலர்ந்ததும் திரும்பவும் எழும்பியது. இப்படி ஒருமுறையல்ல, பல முறை. மழை, செத்துப்போன கணினி, பஸ்ஸில் வரும் மாமியின் தங்கை (எனக்குச் சின்ன மாமி), அடுத்த நாள் என் மேசையில் உயிர்பெற்று நிற்கும் அதே கணினி.

மாமிக்கு இதில் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. காலையில் நான் பொத்தானை அமத்தும்போது பின்னால் வந்து நிற்பார்.

"எழும்பீட்டுதோ?"

"எழும்பீட்டுது மாமி."

"அப்ப கொண்டுபோகச் சொல்லப் போறியோ?" முகம் வாடிவிடும். "இன்னும் ரெண்டு நாள் வைச்சுப் பாரன். அவசரப்பட்டுக் குடுத்துப் பேந்து பழுதாப்போனால் உனக்கெல்லே கெட்ட பேர்."

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, சின்ன மாமி வந்து அமர்ந்து கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார் மாமி. குசினி மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்று எனக்கு. மற்றதைக் கண்ணால் காட்டினார். எங்கள் ஊரில் கோபித்துப் பேச்சு விட்டவர் வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். அதைக் கொண்டுபோய்ச் சின்ன மாமிக்கு முன்னால் வைத்தேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"இஞ்சி தட்டிப் போட்டிருக்கு."

"ஓம்."

"சீனி கூட." இன்னொரு மிடறு குடித்தார். "எனக்குச் சின்னனிலை இருந்தே சீனி கூடத்தான் வேணும். நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

உள்ளே போய்ச் சொன்னேன். சொல்லத் தேவையில்லை, கதவுக்குப் பின்னால்தான் மாமி நின்றார். "இருமல் சத்தம் கேக்குது. மழைக்குள்ளை திரியவேண்டாமெண்டு சொல்லு" என்றார். வெளியே வந்து அதைச் சொன்னேன். "அக்காவுக்கு முழங்கால் நோ எப்பிடியாம்?" என்று கேட்டார் சின்ன மாமி. அக்கா என்ற சொல் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அறைக்குள் வந்தது. ஒரு கதவின் இரண்டு பக்கமும் இருந்த இரண்டு பேருக்கு நடுவே நான் கோப்பையோடு போய்வந்துகொண்டிருந்தேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நேராகவே கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

பழுது பிடிபட்டது கடும் மழை பெய்த ஒரு நாளில். முதல்நாள்தான் கணினி வந்திருந்தது. இந்த முறை அதை விளக்கின் கீழே வைக்காமல், சாரல் அடிக்கும் யன்னலோரம் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். காலையில் பொத்தானை அமத்தினேன். எழும்பவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கடைசியில் என் கண்முன்னாலேயே செத்துப்போயிருந்தது.

ஒரு போர்ட் எழும்புவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சார்ஜரின் மின்சாரம் உள்ளே வந்ததும் அதிலிருந்து சின்னச் சின்ன மின்னழுத்தங்கள் பிறக்கும். அவை சரியென்றால் ஒரு சில்லு, அதாவது ஒரு சிப், அடுத்த சில்லுக்கு, இனி நீ வேலையைத் தொடங்கலாம் என்று ஒரு சைகை அனுப்பும். அந்தச் சைகை மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கவேண்டும். மீற்றரின் முனையை வைத்துப் பார்த்தேன். ஒரு வோல்ட்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. அனுப்புகிற சில்லு அனுப்புகிறது. வழியில் எங்கேயோ கசிந்துபோகிறது. சூட்டுக் காற்றை மெதுவாக ஊதினேன். மீற்றரில் எண் ஏறியது. நிறுத்தி, ஈரத் துணியைக் கிட்டக் கொண்டுபோனேன். இறங்கியது. இடம் அதுதான்.

மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தேன். மின்விசிறிக்குப் பக்கத்தில் உளுந்தளவு சில்லு ஒன்று. அதன் கால்களுக்கிடையே வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. உப்பா? உரும்பிராயில் ஏது கடற்காற்று. சுண்ணாம்பா? பின்னால் நின்ற மாமியிடம், "மாமி, இதைப் பாருங்கோ. உப்பிடி வெள்ளையா என்னத்தைப் போட்டிருப்பினம்?" என்று கேட்டேன்.

அதுவரை அவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்ததேயில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "எட, ஒரு ஊர் மாதிரியெல்லே கிடக்கு. ஒழுங்கை, மதில், வீடு..." என்று வியந்துகொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். மின்விசிறியின் ஓரத்தில் திரண்டிருந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு மற்ற விரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது விபூதி."

நம்ப முடியாமல் நானும் தொட்டுப் பார்த்தேன். விபூதிதான். மாமி சிரிக்கத் தொடங்கினார். கதிரையில் அமர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"அவள் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிப் பூசிக்கொண்டு போய், கொப்பி எல்லாம் கொட்டிக்கிடக்கும். இப்ப உந்தப் பெட்டிக்கும் தீட்சை குடுத்திட்டாள்."

வகுப்புத் தொடங்க முன்னர் சின்ன மாமி விபூதித் தட்டைக் கணினிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, எடுத்துப் பூசியிருக்கிறார். பறந்த தூளையெல்லாம் மின்விசிறி இழுத்திருக்கிறது. காய்ந்து கிடக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. மழைக் காற்றில் ஈரம் பிடித்ததும் மின்சாரம் அதன் வழியாகக் கசியும். வெயில் வந்தால் திரும்பவும் உலர்ந்துவிடும். நான் மழை மழையாகத் தேடியது ஒரு சிட்டிகைச் சாம்பலை.

சில்லைச் சூடாக்கிக் கழற்றினேன். அதற்கடியில் ஒரு தடம் பச்சை பிடித்து அரிபட்டுப் போயிருந்தது. ஸ்பிரிட் விட்டுத் தூரிகையால் அந்த இடம் முழுவதையும் கழுவி, அரிபட்ட தடத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி, புதுச் சில்லை வைத்து ஒட்டினேன். மாமி பக்கத்திலேயே நின்றார். பொத்தானை அமத்தியதும் விசிறி சுழன்றது. ஈரத் துணியை மேலே பிடித்தேன். சுழன்றுகொண்டேயிருந்தது. சாரலில் இரவு முழுக்க வைத்தும் காலையில் எழும்பியது.

"ஆள் தப்பீட்டுது, மாமி."

"ம்" என்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. இனித் திரும்பி வராது என்பது அவருக்கும் விளங்கியிருந்தது.

அடுத்த நாள் சின்ன மாமி வந்தார். விபூதித் தட்டை இனிக் கணினிக்குக் கிட்ட வைக்கக்கூடாது என்று சொல்லவேண்டும். பக்தியான ஒரு மனுசியிடம் அதை எப்படிச் சொல்வது என்று முதல்நாளே மாமியிடம் கேட்டிருந்தேன். "அதை நான் சொல்லுறன்" என்றிருந்தார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கணினியை எழுப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். உட்கதவு திறந்தது. மாமி வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார். தங்கை எழும்பி நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் மீற்றரைப் பார்த்தேன்.

"உனக்கு அறிவிருக்கோ?" என்றார் மாமி. "கொம்பியூட்டருக்கும் விபூதி பூசுவினமோ? அந்தப் பிள்ளை மழையெல்லாம் இருந்து மாயுது. நெத்தியிலை பூசுறதெண்டால் சாமியறையிலை நிண்டு பூசிப்போட்டு வந்து இரு!"

சின்ன மாமியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, அதுவும் ஏச்சுத்தானோ அக்கா?"

"பின்னை? அழைப்பிதழை ஆரிட்டையோ குடுத்துவிட்டவளோடை கொஞ்சிக் கதைக்கிறதோ?"

"என்ரை மனுசன் அப்ப ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஒரு போன் எடுத்திருக்கலாம்."

"நீங்களும் ஒரு போன் எடுத்து அவருக்கு எப்பிடியெண்டு கேட்டிருக்கலாம்."

மாமி குசினிப் பக்கம் திரும்பினார். பிறகு, "மத்தியானம் ஆகுது. புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுப் போ" என்றார். சின்ன மாமி கணினியை என் மேசையிலேயே விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் குசினிக்குப் போனார். நான் முன்னறையிலேயே இருந்துகொண்டேன். முதலில் தட்டுகளின் சத்தம், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தம், அதற்குப் பிறகு ஒருவர் அழ மற்றவர் ஏசுகிற சத்தம். யார் அழுதது, யார் ஏசியது என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டு குரலும் ஒன்றுபோலவே இருந்தன.

அந்த அழைப்பிதழ் விசயம் இன்றுவரை தீரவில்லை. யாரில் பிழை என்று சந்திக்கிற போதெல்லாம் ஒருமுறை வாதாடிக்கொள்வார்கள். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மெல்லத் தோட்டப் பக்கம் நழுவிவிடுவார். அவருக்கு இப்போது மாதத்தில் இரண்டு தரம் சின்னம்மா கையால், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் கிடைக்கிறது. அதனால் யாரில் பிழை என்று அவர் வாயே திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் மாமியை ஸ்கூட்டியில் ஏற்றி உரும்பிராய்க்குக் கொண்டுபோய் விடுகிறேன். சின்ன மாமி கணினிக்கு முன்னால் பாயில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பார். மாமி படத்தில் விழாதபடி சுவரோரம் கதிரை போட்டு அமர்ந்திருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கதிரை கொஞ்சம் நகர்ந்துவிட்டது போல. பாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், நோர்வேயில் இருப்பவள், பாட்டை இடையில் நிறுத்திவிட்டாள்.

"ரீச்சர், உங்களுக்குப் பின்னாலை ஆரோ இருக்கினம்."

சின்ன மாமி திரும்பிப் பார்த்தார். மாமி கதிரையை இழுத்து மறையப் பார்த்தார். சின்ன மாமி கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார்.

"அது என்ரை அக்கா. பிழையாப் படிச்சால் எனக்கும் அடிப்பா, உங்களுக்கும் அடிப்பா."

திரையில் இருந்த சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் பிள்ளைகள் எல்லோரும் ஒருசேரச் சிரித்தார்கள். கையசைத்தார்கள். மாமி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கனடா வரைக்கும் கேட்கவேண்டுமே என்று நினைத்தோ என்னவோ, கணினிக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய், "வடிவாப் படியுங்கோ பிள்ளையள்!" என்று உரத்துக் கத்தினார்.